உங்கள் 'நாகம்' துப்பாக்கிக்கு 60 சென்டிமீட்டர் போதாது

தம்பி, கேள்வியை முழுதாகப் படித்தேன். எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் ஒரு கற்பனைத் தீவு நாடு, அதன் ராணுவத்துக்கு 'நாகம்' என்று ஒரு புல்பப் துப்பாக்கி. 7.62 மி.மீ. நேட்டோ தோட்டா, 50 செ.மீ. குழல், மொத்த நீளம் 60 செ.மீ., எடை இரண்டரை கிலோ, மேகசினில் 40 தோட்டா, நிமிடத்துக்கு 1000 ரவுண்டு. கடைசியாக, 'பின்னுதைப்பு அறவே கிடையாது'. படிப்பவர்கள் நம்புவார்களா என்பது கேள்வி. நம்ப மாட்டார்கள். சிங்கப்பூரில் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) முடித்தவன் கையில் உங்கள் நாவல் கிடைத்தால் அந்தப் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவான்.

நானும் அப்படி ஒருத்தன்தான். புலாவ் தேகோங்கில் பயிற்சி தொடங்கி இரண்டு வருடம் எஸ்.ஏ.ஆர். 21 ரைஃபிள் சுமந்தவன், அதுவும் புல்பப். அப்புறம் படித்தது இயந்திரப் பொறியியல், வேலை முழுக்க ஸ்பிரிங், அதிர்வு, அதைத் தணிக்கும் டேம்பர் என்றே போகிறது. அதனால் உங்கள் துப்பாக்கியைக் கொஞ்சம் பிரித்துப் போடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கடைசியில் திருப்பிச் சேர்த்தும் தருகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. சாதாரண ரைஃபிளில் தோட்டாக்கள் இருக்கும் மேகசினும், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டும் விசைக்கு (ட்ரிகர்) முன்னால் இருக்கும், பின்னால் உள்ள கட்டை தோளில் ஊன்றுவதற்கு மட்டும். புல்பப்பில் அந்த இயந்திரம் முழுவதையும் கட்டைக்குள் தள்ளிவிடுவார்கள், மேகசின் விசைக்குப் பின்னால் போய்விடும். குழலின் நீளத்தைக் குறைக்காமல் துப்பாக்கியின் நீளம் குறைகிறது. முக்கிய லாபம் இதுதான், மற்றதில் பெரும்பாலானது அதற்குக் கொடுக்கிற விலை.

முதலில் நீளம். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆக் மொத்தம் 79 செ.மீ., அதில் குழல் 50.8. பிரான்சின் ஃபமாஸ் 75.7, குழல் 48.8. பிரிட்டனின் எஸ்.ஏ. 80 சுமார் 78.5, குழல் 51.8. இஸ்ரேலின் டவோர் 72, குழல் 46. ஒவ்வொன்றிலும் குழலைக் கழித்துப் பாருங்கள். 28, 27, 27, 26. நான்கு நாட்டுக்காரர்கள், நான்கு வெவ்வேறு இயந்திர அமைப்பு, ஆனால் மிச்சம் கிட்டத்தட்ட ஒரே எண். எங்கள் எஸ்.ஏ.ஆர். 21-இல் இது 30-ஐத் தொடும். காரணம் எளிது. தோட்டா வெடித்ததும் போல்ட் பின்னால் போய், காலி உறையை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவின் முழு நீளத்தையும் தாண்டி நின்றால்தான் திரும்பி வரும்போது அதைப் பிடித்துத் தள்ள முடியும். போல்ட்டுக்கும் உடல் நீளம் உண்டு, அதன் பின்னால் ஸ்பிரிங் சுருங்க இடம் வேண்டும், அதற்கும் பின்னால் தோள்பட்டைத் தகடு. மேலே சொன்ன நாலும் 5.56 தோட்டா போடுபவை, அந்தத் தோட்டா 57 மி.மீ. நீளம். நீங்கள் கேட்கும் 7.62 தோட்டா 71 மி.மீ. உங்கள் நாகத்தில் குழலுக்குப் பின்னால் மிஞ்சுவது 10 செ.மீ. அதற்குள் போல்ட் திரும்பக்கூட முடியாது.

சரி, நீளத்தைத் திருத்துவது சுலபம், ஒரு எண்ணை மாற்றினால் போதும். உதைப்புதான் பெரிய விஷயம்.

பதினோராம் வகுப்பில் உந்த அழிவின்மை விதிக்கு எல்லோரும் சொல்லும் உதாரணமே துப்பாக்கிதான். குண்டு முன்னால் எவ்வளவு உந்தத்தோடு (எடையை வேகத்தால் பெருக்கியது) போகிறதோ அவ்வளவு உந்தத்தோடு துப்பாக்கி பின்னால் வரும். பாடப்புத்தகம் விட்டுவிடும் ஒன்று வெடிமருந்துப் புகை. எரிந்த மருந்தும் எடையுள்ள பொருள்தான், குழல்முனையிலிருந்து அது குண்டைவிட வேகமாகப் பீறிடுகிறது. 5.56-இல் குண்டு 4 கிராம், வேகம் விநாடிக்கு 900 மீட்டருக்கு மேல், மருந்து சுமார் 1.7 கிராம். கூட்டினால் ஏறக்குறைய 6 நியூட்டன் விநாடி வரும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புகையின் பங்கு. 7.62 நேட்டோவில் குண்டு 9.5 கிராம், மருந்து 3 கிராம், மொத்தம் 12 சுமாருக்கு வரும், அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இப்போது இதை உங்கள் இரண்டரை கிலோவின் மேல் போடுங்கள். துப்பாக்கி விநாடிக்கு கிட்டத்தட்ட 5 மீட்டர் வேகத்தில் பின்னால் பாயும், அதன் ஆற்றல் 29 ஜூல். 3.6 கிலோ ஆக்கில் 5.56 சுட்டால் வருவது 5 ஜூல். உங்கள் வீரன் ஒவ்வொரு குண்டுக்கும் அதைப்போல் ஆறு மடங்கு வாங்குகிறான். எடையைக் குறைத்துவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், உதைப்பைக் கூட்டுவதற்கு அதைவிட நேரான வழி கிடையாது.

அதைவிட மோசம், தொடர்ந்து சுடும்போது. நிமிடத்துக்கு 1000 என்றால் விநாடிக்குப் பதினாறு பதினேழு. ஒவ்வொன்றும் 12 நியூட்டன் விநாடி, பெருக்கினால் 200 நியூட்டன். 20 கிலோ அரிசி மூட்டையின் பாரத்தை யாரோ உங்கள் தோளில் பக்கவாட்டில் வைத்து, விசையை விடும்வரை நிறுத்தாமல் அழுத்துகிற மாதிரி. உள்ளே ஸ்பிரிங், எதிர் எடை, காந்தம், எண்ணெய் டேம்பர், என்ன மாயம் வைத்தாலும் இந்தச் சராசரி 200 குறையாது, ஏனென்றால் முன்னால் போன குண்டின் கணக்கை யாராவது தீர்த்தாக வேண்டும், அது கடைசியில் சுடுபவனின் தோளும் பாதமும் தரையும்தான். நாவலில் 'நவீனக் காந்தத் தணிப்பி' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள், அதை எடுத்துவிடுங்கள்.

அப்படியானால் உதைப்பு குறைந்த துப்பாக்கி என்று உலகத்தில் சொல்கிறார்களே, அது பொய்யா? பொய் கிடையாது. அவர்கள் செய்வது மூன்று நான்கு வகைக் கெட்டிக்காரத்தனம், உங்களுக்கு வேண்டியது அதில் ஒன்று.

புகையின் பங்கைத் திருப்பிவிடுவது பழைய வழி. குழல்முனையில் பக்கவாட்டுத் துளைகளோடு ஒரு பிரேக் மாட்டினால், பீறிடும் புகை அதன் சுவர்களில் மோதித் துப்பாக்கியை முன்னால் இழுக்கும். ஏகே-74-இன் முனையில் தடியாக ஒரு உருளை இருக்கிறதே, அதுதான். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அந்தப் புகையும் சத்தமும் பக்கத்தில் படுத்திருப்பவன் காதுக்குப் போகும். புல்பப்பில் இன்னொரு சங்கடம், குழல்முனை சுடுபவனின் முகத்துக்கே கிட்ட இருக்கிறது. ஒரு மீட்டர் நீள எம்16-ஐவிட இருபது செ.மீ. அருகில். உங்கள் கதையில் இருட்டில் ஒரு வீட்டுக்குள் சுடுகிற காட்சி இருக்கிறது. பெரிய பிரேக் வைத்த புல்பப்பை அங்கே சுட்டால் அடுத்த பத்து நிமிடம் அந்த அறையில் யாரும் வசனம் பேச முடியாது.

இரண்டாவது வழி ரஷ்யர்களுடையது. போல்ட் பின்னால் போகும்போது அதே எடையுள்ள ஒரு கட்டியை முன்னால் அனுப்புவார்கள், இரண்டையும் ஒரு சிறு பற்சக்கரம் இணைக்கும். ஏ.ஈ.கே-971, ஏகே-107 எல்லாம் இந்த ரகம். பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், குண்டின் உதைப்பை இது தொடுவதே இல்லை. தானியங்கித் துப்பாக்கியில் ஒரு குண்டுக்கு மூன்று இடி உண்டு. குண்டு போகும்போது ஒன்று, அரைக்கிலோ போல்ட் தொகுதி பின்சுவரில் முட்டும்போது ஒன்று, திரும்பி வந்து முன்னால் அடைக்கும்போது ஒன்று. எதிர் எடை பின்னிரண்டையும் அழித்துவிடுகிறது. மிஞ்சுவது ஒரே ஒரு தள்ளல். தொடர்ந்து சுடும்போது குறி ஆடுவதில் பெரும்பங்கு அந்த இரண்டு இடிகளால்தான் என்பதால் பலன் கண்ணுக்குத் தெரியும். விலை, கூடுதல் எடையும், சேறு புகுந்தால் சிக்கிக்கொள்ளும் பற்சக்கரமும்.

மூன்றாவது, உதைப்பு தோளுக்கு வருவதற்கு முன்பே சுட்டு முடித்துவிடுவது. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் காக் செய்த ஜி11-ஐச் சொல்ல வேண்டும், எனக்கு இதன் மேல் ஒரு பைத்தியமே உண்டு. உறையே இல்லாத 4.73 மி.மீ. தோட்டா, வெடிமருந்துக் கட்டிக்குள்ளேயே குண்டு புதைந்திருக்கும். குழலும் இயந்திரமும் சேர்ந்து வெளிக்கூட்டுக்குள் பின்னால் வழுக்கிச் செல்லும். மூன்று குண்டு வரிசையில் நிமிடத்துக்கு 2000-க்கு மேல் என்ற வேகம், அதாவது இரண்டு குண்டுக்கு நடுவே விநாடியில் நூறில் மூன்று பங்கு. இயந்திரம் பின்சுவரைத் தொடுவதற்குள் மூன்றாவது குண்டும் குழலைவிட்டுப் போயிருக்கும், அப்புறம்தான் தோளில் மொத்தமாக ஒரு உதை. குறி கலைவதற்கு முன்பே காரியம் முடிந்தது. உள்ளே திறந்து பார்த்தால் சுவர்க் கடிகாரம் மாதிரி இருக்கும். 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தன, அந்த இணைப்பின் செலவுக்கு நடுவே அந்தக் காலகட்டத்தில் திட்டமும் முடிந்துபோனது. ரஷ்யாவில் நிகோனோவ் வடிவமைத்த ஏ.என்.-94 இதே எண்ணத்தை இரண்டு குண்டோடு, கப்பி கயிறெல்லாம் வைத்துச் செய்தது. 1994-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டும் சாதாரண சிப்பாயின் ஏகே-74-ஐ அதனால் அசைக்க முடியவில்லை.

நான்காவதுதான் என் தேர்வு, ஊர்ப்பாசம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. சிங்கப்பூரில் செய்த அல்டிமேக்ஸ் 100 என்ற இலகுரக இயந்திரத் துப்பாக்கி. வடிவமைத்தவர் ஜேம்ஸ் சல்லிவன், அமெரிக்காவில் ஏ.ஆர்.-15 உருவானபோது அந்தக் குழுவில் இருந்தவர். அவர் செய்தது அபாரமான எளிமை. போல்ட் பின்சுவரில் முட்டவே கூடாது. நீண்ட தூரம் போகட்டும், நீளமான ஸ்பிரிங் ஒரே சீராக அதைத் தள்ளிக்கொண்டே வரட்டும், சுவருக்குச் சற்று முன்னால் அது தானே நின்று திரும்பட்டும். சராசரித் தள்ளல் மாறவில்லை, நான் மேலே போட்ட பெருக்கல் கணக்கு அப்படியே நிற்கிறது. ஆனால் விநாடிக்குப் பத்து சுத்தியல் அடியாக வந்திருக்க வேண்டியது, யாரோ உள்ளங்கையால் தோளைத் தொடர்ந்து தள்ளுவது போல ஆகிவிடுகிறது. சீரான தள்ளலுக்கு உடம்பு ஈடுகொடுக்கும், கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் போதும். அடிக்கு ஈடுகொடுக்க முடியாது. தானியங்கியாகச் சுட்டபடி ஒரே இடத்தில் குறியை வைத்திருக்க முடிகிறது என்று அதற்குப் பெயர் வந்தது இதனால்தான்.

இங்கேதான் புல்பப் வந்து முட்டுகிறது. இந்த முறைக்கு வேண்டியது போல்ட் ஓட நீளமான இடம், புல்பப்பில் இல்லாதது அதேதான். பின்னால் ஐந்தாறு செ.மீ. கூட்டினால் மேகசின் முன்னால் தள்ளப்படும், அதற்கு முன்னால் பிடியும் விசையும் தள்ளப்படும், கடைசியில் தோளுக்கும் விசைக்கும் நடுவே தூரம் அதிகமாகி, குள்ளமான ஆள் மார்புக்கவசமும் மாட்டிக்கொண்டு பிடித்தால் கையை நீட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். இதை நீக்கப் பார்க்காதீர்கள், கதைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தீவின் ராணுவத்தில் ஐந்தடி இரண்டு அங்குலத்தில் ஒரு ஆள் 'எவன்டா இதை அளவெடுத்தான்' என்று திட்டுகிற ஒரு வரி, பத்துப் பக்கத் தொழில்நுட்ப விளக்கத்தைவிட அந்தத் துப்பாக்கியை உயிரோடு நிறுத்தும்.

புல்பப்புக்கே உரிய வேறு சில குணங்களையும் சொல்லிவிடுகிறேன். குழலின் நேர்கோடு தோளிலேயே போய் முடிவதால் உதைப்பு நேராகத் தோளில் வரும், முனையை மேலே தூக்கும் நெம்புகோல் சிறியது. இது நல்லது. ஆனால் குழல் அவ்வளவு தாழ்வாக இருப்பதால் கண் அதற்கு மேலே இருக்கும், குறிபார்க்கும் கருவியை உயரத்தில் வைத்தாக வேண்டும். 1951-இல் பிரிட்டன் ஏற்றுக்கொண்ட ஈ.எம்.-2 புல்பப்பிலேயே இதற்காகக் கைப்பிடி மாதிரி உயர்த்தி ஒரு லென்ஸ் வைத்தார்கள். ஆக்கிலும் எஸ்.ஏ.ஆர். 21-இலும் அதே இடத்தில் ஒன்றரை மடங்கு பெரிதாக்கும் குறிநோக்கி. கிட்டத்தில் சுடும்போது குண்டு குறிக்குக் கீழே படும் என்பதை உங்கள் ஆட்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

(ஈ.எம்.-2 கதை தனியாக ஒரு நாவலுக்கு ஆகும். ஜான்சன் என்ற போலந்துக்காரர் வடிவமைத்தது, 7 மி.மீ.யில் மிதமான தோட்டா, முழு பலத் தோட்டாவைவிட உதைப்பு குறைவு. அதே ஆண்டு சர்ச்சில் மறுபடி பிரதமரானார், நேட்டோவுக்கு ஒரே தோட்டா வேண்டும் என்ற அமெரிக்க நெருக்கடியில் அதைக் கைவிட்டார்கள். எந்த 7.62-ஐ உங்கள் நாகத்தில் போட்டிருக்கிறீர்களோ அதே தோட்டாதான் அதைக் கொன்றது.)

எடை பின்னால் குவிந்திருப்பது இன்னொன்று. ஒரு கையால் தூக்கி நிறுத்த வசதி, கதவைத் திறந்துகொண்டே போகலாம். ஆனால் முன்னால் பாரமே இல்லாததால் முனை லேசாகத் துள்ளும். ஒரு 7.62 தோட்டா 24 கிராம், உங்கள் 40 தோட்டா சேர்ந்தால் ஒரு கிலோ, அது முழுக்கத் தாடைக்குக் கீழே, பின்னால். சுடச்சுட அது காலியாகி, துப்பாக்கியின் சமநிலை கையிலேயே முன்னால் நகர்வது தெரியும். விசையும் தொலைவில் இருக்கும் இயந்திரத்தை நீண்ட கம்பியால் இழுப்பதால் புல்பப் விசைகள் பெரும்பாலும் சவசவ என்றிருக்கும், எங்கே விடுபடும் என்று விரலுக்குத் தெரியாது.

அப்புறம் முகம். வெடிப்பது உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில். முதல் தடவை சுட்டபோது எனக்கு உதைப்பு நினைவில் நிற்கவில்லை, காதோரம் ஸ்பிரிங் 'ட்ராங்' என்று அதிர்ந்ததுதான் நிற்கிறது. தோட்டா உறை கிழிந்து வெடித்தால் என்ன ஆகும் என்ற பயம் வடிவமைத்தவர்களுக்கும் இருந்திருக்கிறது, எஸ்.ஏ.ஆர். 21-இல் கன்னம் படும் இடத்தில், குண்டு துளைக்காத உடுப்புகளில் வருகிற கெவ்லாரில் ஒரு தகடு வைத்தார்கள்.

இப்போது திருப்பிச் சேர்க்கிறேன். நாகத்தின் தோட்டாவை 7.62-லிருந்து 6 மி.மீ. வாக்கில் ஏதோ ஒரு கற்பனைத் தோட்டாவாக இறக்குங்கள், உந்தம் ஏழரை என்று வைத்துக்கொள்வோம். குழல் 46, பின்னால் 31, மொத்தம் 77 செ.மீ. எடை 3.9 கிலோ, மேகசினில் 30. சல்லிவன் பாணியில் நீண்ட ஓட்டம், அதனால் வேகம் தானாகவே 550-க்கு இறங்கும். பெருக்கிப் பாருங்கள், 69 நியூட்டன், ஏழு கிலோ தள்ளல், அதுவும் அடியாக இல்லாமல் சீராக. உங்கள் பழைய நாகத்தின் மூன்றில் ஒரு பங்கு. பற்சக்கர எதிர் எடையையும் சேர்க்கலாமே என்று தோன்றும், வேண்டாம். கடலோர உப்புக்காற்றும் மணலும் உள்ள தீவு, உள்ளே எவ்வளவு குறைந்த பாகமோ அவ்வளவு நல்லது. சுத்தம் செய்கிறவனும் பதினெட்டு வயதுப் பையன், தூக்கக் கலக்கத்தில் இருப்பவன். 'பின்னுதைப்பே இல்லை' என்ற வரிக்குப் பதிலாக 'உதைக்கவில்லை, தள்ளியது' என்று எழுதுங்கள்.

அதற்கு ஒரு வரலாறும் கொடுங்கள், அதில் தோல்வியும் இருக்கட்டும். எஸ்.ஏ. 80 முதலில் வந்தபோது மேகசினை விடுவிக்கும் பொத்தான் உடம்பில் உரசினாலே அமுங்கி மேகசின் கீழே விழுந்தது. 1991 வளைகுடாப் போரின் மணலில் திணறியது, பிறகு 2000-க்குப் பின் ஜெர்மன்காரர்களிடம் கொடுத்து 9 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்துத் திருத்தினார்கள். பிரான்ஸ் ஃபமாஸை விட்டுச் சாதாரண வடிவத்துக்குப் போய்விட்டது, சீனாவும் 2019 அணிவகுப்பில் புல்பப் அல்லாத புதிய ரைஃபிளைக் காட்டியது. உங்கள் தீவிலும் ஒரு கிழட்டு ஜெனரல் 'இந்தப் புல்பப் சனியனே வேண்டாம்' என்று சொல்லலாம், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஒன்று மட்டும் உடனே திருத்த வேண்டியது, முதல் அத்தியாயத்தில். உங்கள் கயல் இடதுகைப் பழக்கம் உள்ளவள், சுவர் மூலையில் இடது தோளில் வைத்துச் சுடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். புல்பப்பில் காலி உறை வலது பக்கம் வெளியேறும் ஓட்டை, இடது தோளில் வைத்தால், நேராக அவள் வாய்க்கு எதிரே வரும். சூடான பித்தளை. எஸ்.ஏ. 80-ஐ இதனால்தான் வலது தோளிலிருந்து மட்டுமே சுட முடிகிறது. ஆக்கிலும் ஃபமாஸிலும் பாகத்தை மாற்றிப் பக்கம் மாற்றலாம், ஆனால் அது உட்கார்ந்து செய்யும் வேலை, சண்டைக்கு நடுவில் நடக்காது. பெல்ஜியத்தின் எஃப்2000-இல் உறை ஒரு குழாய் வழியாக முன்னால் போய் விழும், பி90-இல் நேராகக் கீழே. நாகத்துக்கு எஃப்2000 மாதிரி குழாய் வைத்தால் கயல் எந்தத் தோளிலும் சுடலாம், ஆனால் அந்தக் குழாயில் உறை சிக்கினால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. மூன்றாம் அத்தியாயத்தில் அவள் துப்பாக்கி ஏன் நின்றுபோனது என்பதற்கு நீங்கள் காரணமே சொல்லவில்லையே, அதை இங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.